திருமேனியின் தொன்மையும் அறிவியலின் எல்லையும்

மூர்த்தி, தலம், தீர்த்தம் என்னும் மூன்றாலும் சிறப்புற்று விளங்குவது திருக்கோயில் என்பர் பெரியோர். இம்மூன்றனுள்ளும் அடியவரின் கண்ணையும் கருத்தையும் முதலில் ஈர்ப்பது மூர்த்தியே ஆகும். திருவிழாக் காலத்தில் பட்டும் பொன்னும் பூண்டு, மலர்மாலை சூடி, வெள்ளித் தேரில் எழுந்தருளும் உற்சவமூர்த்தியைக் கண்டு கைகூப்பாத அன்பர் உண்டோ? அவ்வாறு கைகூப்பி நிற்கும் வேளையில், "இந்தச் சாமி எத்தனை ஆண்டு பழைமையானது?" என்று உடன்வந்த சிறுவர்கள் கேட்பதுண்டு. பெரியவர்களுள் ஒருவர் ஆயிரம் ஆண்டு என்பார்; மற்றொருவர் சோழர் காலம் என்பார்; வேறொருவர், "இப்போதுதான் விஞ்ஞானம் வளர்ந்துவிட்டதே, ஆய்வுக்கூடத்தில் கொடுத்தால் சொல்லிவிடுவார்கள்" என்பார்.

ஆய்வுக்கூடத்தில் கொடுத்தால் உண்மையிலேயே சொல்லிவிடுவார்களா? எதனைச் சொல்வார்கள், எதனைச் சொல்ல இயலாது? களவுபோன திருமேனிகள் பல நாடுகளின் அருங்காட்சியகங்களில் கண்டுபிடிக்கப்பட்டு வரும் இக்காலத்தில், இக்கேள்வி ஆலய அறங்காவலர்களும் அன்பர்களும் ஒருமுறையேனும் எண்ணிப் பார்க்க வேண்டிய ஒன்றாகும்.

கரிமக் கணக்கு

பழம்பொருள்களின் வயதை அறியும் முறைகளுள் பெரும்புகழ் பெற்றது கரிமக் கணக்கு ஆகும். அமெரிக்க அறிஞர் வில்லார்ட் லிபி இம்முறையைக் கண்டறிந்து, அதற்காக 1960ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்றார். உயிருள்ள மரமும் செடியும் விலங்கும் காற்றிலும் உணவிலும் கலந்துள்ள கரிமம்-14 என்னும் பொருளைத் தம் உடலில் ஏற்கின்றன. உயிர் நீங்கிய பின்னர் அதன் வரவு நின்றுவிடும். உள்ளே இருப்பது சிறிது சிறிதாகக் குறையும். ஏறக்குறைய 5,730 ஆண்டுகளில் அது பாதியாகிவிடும். எஞ்சியுள்ள அளவைக் கொண்டு, அவ்வுயிர் மடிந்து எத்தனை ஆண்டுகள் ஆயின எனக் கணக்கிடுவர்.

இதிலிருந்து ஒன்று தெளிவாகிறது. ஒரு காலத்தில் உயிரோடிருந்த மரம், துணி, எலும்பு, ஓலை முதலியவற்றுக்கே இம்முறை பொருந்தும். கல்லும் உலோகமும் உயிர்ப்பொருள்கள் அல்ல. ஆகவே ஒரு சிவலிங்கத்தையோ செப்புத் திருமேனியையோ கரிமக் கணக்கால் அளந்து, இன்ன ஆண்டில் வடிக்கப்பட்டது என்று கூறுதல் இயலாது. கல்லின் வயதை வேறு முறைகளால் அளக்கலாம். ஆனால் அப்போது கிடைப்பது பாறை உருவான காலமே ஆகும். அது பல கோடி ஆண்டுகளாக இருக்கும். அப்பாறையில் சிற்பியின் உளி பட்ட நாளை அது காட்டாது. மரத்திற்குக்கூட இத்தகைய இடர்ப்பாடு உண்டு. மரம் வளர்ந்த காலத்தைத்தான் கரிமக் கணக்கு கூறும். பழைய உத்திரம் ஒன்றை எடுத்து நேற்றுச் செதுக்கினாலும் பழைய வயதே வரும்.

பொருந்தும் பொருளிடத்து இம்முறை எத்துணை வலியது என்பதற்குக் கிறித்துவ உலகிலிருந்து ஒரு சான்று கூறலாம். இத்தாலி நாட்டு டுரின் நகரில் போற்றிக் காக்கப்படும் துணி ஒன்று, இயேசுநாதரின் உடலைச் சுற்றியிருந்தது என்று அச்சமய அன்பர் பலரால் நம்பப்படுவது. 1988ஆம் ஆண்டு ஆக்ஸ்போர்டு, சூரிக், அரிசோனா ஆகிய மூன்று ஆய்வுக்கூடங்கள் அதன் சிறு துண்டுகளைத் தனித்தனியே ஆராய்ந்தன. அத்துணிக்குரிய நார்ச்செடி வளர்ந்த காலம் 1260க்கும் 1390க்கும் இடைப்பட்டது என்பது முடிவு. துண்டு எடுத்த இடம் சரியானதா என்ற வாதங்கள் பின்னர் எழுந்தன. 2010ஆம் ஆண்டிலும் 2015ஆம் ஆண்டிலும் அத்துணி பொதுமக்கள் காணும்படி வைக்கப்பட்டபோது மக்கள் திரள் திரளாகச் சென்று வணங்கினர். அறிவியல் நூலின் வயதைக் கூறியது. வணங்கும் உள்ளத்தைப் பற்றி அது ஒன்றும் கூறவில்லை. கூறுவதற்கு அதனிடம் கருவியும் இல்லை.

செப்புத் திருமேனியின் மௌனம்

நம் ஆலயங்களின் உற்சவமூர்த்திகள் பெரும்பாலும் ஐம்பொன்னால் ஆனவை. ஐம்பொன் என்று வழங்கினாலும் அதிற் பெரும்பகுதி செம்பே ஆகும். ஈயமும் வெள்ளீயமும் சேரும். மெழுகில் உருவம் செய்து, அதன்மீது மண் பூசி, சூடேற்றி மெழுகை உருக்கி வடித்து, அவ்வெற்றிடத்தில் உருகிய உலோகத்தை வார்ப்பது மரபு. உலோகம் ஆறியதும் மண்கருவை உடைத்தே திருமேனியை வெளியில் எடுக்க வேண்டும். ஆதலால் ஒரு கருவில் ஒரு திருமேனியே பிறக்கும். ஒன்றைப்போல் மற்றொன்று இருக்கலாம். ஒன்றே மற்றொன்றாக இருத்தல் இல்லை.

வேறு நாடுகளின் வெண்கலச் சிலைகள் பலவற்றின் உள்ளே களிமண் இருக்கும். அம்மண் கடைசியாகச் சூடேறிய காலத்தை வெப்ப ஒளிர்வு என்னும் முறையால் அளப்பர். சோழ நாட்டு ஸ்தபதிகளோ உட்புறம் வெற்றிடமில்லாத கன வார்ப்பு முறையைக் கையாண்டவர்கள். உள்ளே மண் இல்லாத திருமேனியில் அம்முறைக்கும் வேலையில்லை.

எஞ்சுவது உலோக ஆய்வு. ஒரு திருமேனியில் எவ்வுலோகம் எவ்வளவு கலந்துள்ளது, அதிலுள்ள ஈயம் எவ்வகைத் தாதிலிருந்து வந்தது என்பவற்றை நுட்பமாக அளக்க இன்று முடியும். இந்திய அறிஞர் சாரதா சீனிவாசன் தென்னிந்தியத் திருமேனிகள் நூற்றுக்கு மேற்பட்டவற்றை இவ்வாறு ஆராய்ந்து, பல்லவர், சோழர், விசயநகரர் முதலியோர் காலத்து வார்ப்புகளிடையே காணும் வேறுபாடுகளைத் தொகுத்துள்ளார். இது பெரும்பணியாகும். ஆயினும் இம்முறை காட்டுவது ஒரு திருமேனி எத்தொகுதியோடு ஒத்துள்ளது என்பதையே. வார்த்த நாளை அது பொறித்துத் தருவதில்லை. பழைய பாத்திரங்களையும் உடைந்த சிலைகளையும் உருக்கிப் புதிது வார்க்கும் வழக்கம் உண்டாதலால், பழைய உலோகத்தில் புதிய உருவமும் தோன்றலாம்.

ஒன்றை மட்டும் அறிவியல் மிக உறுதியாகச் செய்யும். பொய்யைப் பொய் என்று காட்டும். மின்பகுப்பு முறையால் தூய்மை செய்யப்பட்ட செம்பு 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வழக்கிற்கு வந்தது. சோழர் காலத்தது என்று விற்கப்படும் சிலையில் அத்தகைய தூய செம்போ, இயந்திரக் கருவியின் தடமோ காணப்பட்டால் பொய் வெளிப்பட்டுவிடும். ஆனால் அவ்வாறான குறை ஏதும் காணப்படாமை ஒன்றினாலேயே அது சோழர் காலத்தது என்று உறுதியாகிவிடாது. குற்றம் காணவில்லை என்று கூறுதல் வேறு. இதுவே அது என்று கூறுதல் வேறு. ஆய்வுச் சான்றிதழை நீட்டிச் சிலை விற்போர் மறைப்பது இந்த வேறுபாட்டையே ஆகும்.

சிவபுரத்தில் நிகழ்ந்தது

கும்பகோணத்தை அடுத்த சிவபுரத்தில் 1951ஆம் ஆண்டு நிலத்தினடியிலிருந்து செப்புத் திருமேனிகள் சில வெளிப்பட்டன. அவற்றுள் தலையாயது ஏறக்குறைய பத்தாம் நூற்றாண்டைச் சேர்ந்த நடராசப் பெருமான் திருமேனி. அவை ஊர்க் கோயிலில் ஒப்படைக்கப்பட்டன. 1954ஆம் ஆண்டு பழுது பார்க்கும்பொருட்டு அவை ஸ்தபதி ஒருவரிடம் கொடுக்கப்பட்டன. திரும்பி வந்தவை அவற்றைப் போலவே வார்த்த புதிய பிரதிகள். உண்மைத் திருமேனி கைமாறிக் கைமாறிக் கடல் கடந்தது. 1973ஆம் ஆண்டு அமெரிக்கச் செல்வர் நார்ட்டன் சைமன் 9 லட்சம் அமெரிக்க வெள்ளி கொடுத்து அதனை வாங்கினார்.

இம்மோசத்தை வெளிப்படுத்தியது எந்த ஆய்வுக்கூடமும் அன்று. பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தைச் சேர்ந்த டக்ளஸ் பாரெட் என்னும் கலை அறிஞர், கோயிலில் இருப்பது புதிய பிரதி என்பதைக் கண்டறிந்து, 1965இல் வெளிவந்த தம் நூலில் குறிப்பிட்டார். பழகிய கண்ணே சான்றாக அமைந்தது. இந்திய அரசு வழக்குத் தொடுத்து, உடன்பாடு கண்டு, 1986ஆம் ஆண்டு நடராசப் பெருமானைத் தாயகத்திற்கு மீட்டது.

இங்கே அன்பர் உள்ளத்தில் ஒரு கலக்கம் எழுதல் இயல்பு. அத்தனை ஆண்டுகள் அப்பிரதியின்முன் விளக்கேற்றிக் கண்ணீர் மல்கி நின்ற அடியவரின் வழிபாடு என்னாயிற்று? இக்கேள்விக்குப் பின்னர் விடை காண்போம். அதற்குமுன் மற்றொரு நடராசரின் பயணத்தையும் அறிதல் வேண்டும்.

இலண்டனில் வழக்காடிய கோயில்

சோழ நாட்டுப் பத்தூர் என்னும் சிற்றூரில், பாழடைந்து கிடந்த விசுவநாதசுவாமி கோயிலின் அருகே, 1976ஆம் ஆண்டு கூலித் தொழிலாளி ஒருவர் மண்ணை வெட்டியபோது நடராசர் உள்ளிட்ட திருமேனிகள் அகப்பட்டன. நடராசர் இரகசியமாக விற்கப்பட்டு இலண்டன் சென்றார். 1982ஆம் ஆண்டு கனடா நாட்டு நிறுவனம் ஒன்று இரண்டரை லட்சம் பவுண்டு கொடுத்து அத்திருமேனியை வாங்கிப் பழுது பார்க்கக் கொடுத்திருந்தபோது, இலண்டன் காவல்துறையினர் அதனைக் கைப்பற்றினர். நிறுவனம் வழக்குத் தொடர்ந்தது. இந்திய அரசும் தமிழக அரசும் மட்டுமன்றிப் பத்தூர்க் கோயிலும் அவ்வழக்கில் உரிமை கோரியது.

இலண்டனில் இருக்கும் நடராசர்தாம் பத்தூர் மண்ணிலிருந்து எடுக்கப்பட்டவரா என்பதே வழக்கின் உயிர்நாடி. உலோகமும், திருமேனியில் ஒட்டியிருந்த மண்ணும், கறையான் தடமும்கூட ஆராயப்பட்டன. அதே இடத்தில் கிடைத்த மற்றத் திருமேனிகளோடு நடராசரின் வார்ப்பமைதியும் அணிகலனும் ஒப்பிடப்பட்டன. தமிழகத் தொல்லியல் அறிஞர் இரா. நாகசாமி அவர்கள் சாட்சியம் அளித்தார். தோண்டி எடுத்தது முதல் கைமாறியது வரையிலான செய்திகளைச் சாட்சிகள் வாயிலாக நீதிமன்றம் கேட்டறிந்தது. மண்ணும் உலோகமும், கலை நுட்பமும், மனிதர் வாய்மொழியும் சேர்ந்தே உண்மையைத் துலக்கின. 1988ஆம் ஆண்டு கோயிலுக்குச் சார்பாகத் தீர்ப்பு வந்தது. 1991ஆம் ஆண்டு மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதனை உறுதி செய்தது. இடிந்து கிடந்த கோயிலாயினும் அது தன் உடைமையைக் கேட்டு வழக்காடலாம் என்பதை அயல்நாட்டு நீதிமன்றம் ஏற்றது. நடராசர் தமிழகம் திரும்பினார்.

ஒரு பழைய புகைப்படத்தின் வலிமை

அரியலூர் மாவட்டத்துச் சிறீபுரந்தான் பிரகதீசுவரர் கோயிலின் கதை நமக்கு இன்னும் நெருக்கமானது. அக்கோயிலிலிருந்து களவுபோன நடராசரை 2008ஆம் ஆண்டு ஆஸ்திரேலியத் தேசியக் கலைக்கூடம் 50 லட்சம் அமெரிக்க வெள்ளிக்கு மேல் கொடுத்து வாங்கியிருந்தது. அதே கோயிலின் உமா பரமேசுவரி அம்மன், அதே வணிகர் வாயிலாக, 2007ஆம் ஆண்டு 6,50,000 அமெரிக்க வெள்ளிக்குச் சிங்கப்பூர் ஆசிய நாகரிக அரும்பொருளகத்திற்கு வந்து சேர்ந்திருந்தாள். நம் ஊரில் காட்சிப் பேழைக்குள் நின்றவள், தன் கோயிலை விட்டுக் கடத்தப்பட்ட அம்மை என்பதை அன்று எத்தனை பேர் அறிந்திருப்பர்?

உண்மையை வெளிக்கொணர்ந்தவை புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் பழைய புகைப்படங்கள். 1955இல் தோன்றிய அந்நிறுவனம், தமிழகக் கோயில்கள்தோறும் சென்று திருமேனிகளைப் படமெடுத்துத் தொகுத்து வைத்திருந்தது. ஒரு கருவில் ஒரு திருமேனியே பிறக்கும் என்று முன்னர்க் கண்டோம் அன்றோ? விரலின் வளைவும், வார்ப்பில் நேர்ந்த சிறு குறையும், தேய்மானமும் படத்தில் உள்ளவாறே சிலையிலும் இருந்தன. நடராசர் 2014ஆம் ஆண்டு இந்தியாவிடம் ஒப்படைக்கப்பட்டார். அம்மனைத் திருப்பி அளிக்க 2015ஆம் ஆண்டு சிங்கப்பூர் முடிவு செய்தது. கோடிக்கணக்கில் விலைபோன திருமேனியின் ஊரையும் பேரையும் கூறியது கறுப்பு வெள்ளைப் படம் ஒன்றே எனலாம்.

நினைவு அறுந்தால்

படமும் ஏடும் வாய்மொழியும் இல்லாவிடில் என்னாகும் என்பதற்குக் கெடா மாநிலத்துப் பூஜாங் பள்ளத்தாக்கே சான்று. ஜெராய் மலையடிவாரத்தில் மெர்போக் அருகேயுள்ள புக்கிட் பத்து பகாட் கோயிலின் அடித்தளத்தை 1930ஆம் ஆண்டுகளில் குவாரிட்ச் வேல்ஸ் என்னும் ஆங்கில அறிஞர் அகழ்ந்தார். பின்னர் அது சீரமைக்கப்பட்டு இன்றும் காட்சி தருகிறது. குழிகள் குடைந்த கற்பேழைகள் அடித்தளத்தினுள் வைக்கப்பட்டிருந்தமை அங்கே காணப்பட்டது. கோயில் எழுப்புகையில் கருவறையின்கீழ் மணியும் பொன்னும் தானியமும் வைக்கும் நம் மரபை நினைவூட்டுவது அது.

அறிஞர்கள் அக்கற்களை அளந்தனர், காலத்தை ஆராய்ந்தனர். ஆனால் அங்கே எழுந்தருளியிருந்த இறைவன் திருப்பெயர் யாது? விளக்கேற்றியவர் யார்? திருவிழா எந்நாளில் நடந்தது? இவற்றைக் கல் கூறாது. வழிபட்டோரின் தொடர்ச்சி அறுந்தபோது பெயரும் மறைந்தது.

இதற்கு நேர் எதிராகச் சிங்கை சவுத் பிரிட்ஜ் சாலை மாரியம்மன் ஆலயத்தை எண்ணிப் பாருங்கள். 1827ஆம் ஆண்டு நாராயண பிள்ளை நிறுவிய அவ்வாலயத்தில் தொடக்கத்தில் எழுந்தருளுவித்த சிறிய அம்மன் இன்றும் பூசை ஏற்கிறாள். அவளே அவள் என்பதற்கு எந்த ஆய்வுக்கூடச் சான்றிதழும் வேண்டுவதில்லை. தலைமுறை தலைமுறையாக இடையறாது நடந்துவரும் பூசையே சான்று.

ஆகமம் காட்டும் வழி

இனிச் சிவபுரத்து அடியவரின் கேள்விக்கு வருவோம். ஆகம நெறியில் ஒரு திருமேனியின் தெய்வத்தன்மை அதன் வயதினால் வருவதன்று. ஸ்தபதியின் பட்டறையில் இருக்கும்வரை அது உலோகமே. கண் திறந்து, மந்திரத்தால் ஆவாகனம் செய்து, குடமுழுக்குக் கண்ட பின்னரே அது வழிபடு மூர்த்தி ஆகிறது. திருப்பணிக் காலத்தில் கலாகர்ஷணம் செய்து இறையாற்றலைக் கும்பத்திற்கு மாற்றிப் பாலாலயத்தில் வைக்கிறோம். பணி முடிந்ததும் மீண்டும் மூர்த்தியில் எழுந்தருளச் செய்கிறோம். இம்மாற்றங்களின்போது கல்லின் எடை கூடுவதுமில்லை, குறைவதுமில்லை. எத்தகைய நுண்கருவியாலும் வேறுபாடு காண இயலாது. காண இயலாமை கருவியின் குற்றமும் அன்று. நம் நம்பிக்கையின் குற்றமும் அன்று. தராசால் அன்பை நிறுக்க முடியாது என்பதற்காகத் தராசைக் குறைகூறுவார் யார்?

ஆகவே நேற்று வார்த்துச் சுவாமிமலையிலிருந்து வந்த உற்சவரும், சோழர் வார்த்த உற்சவரும் அடியவர் கண்ணுக்கு ஒரே இறைவன்தாம். மலேசியாவிலும் சிங்கையிலும் உள்ள நம் ஆலயங்கள் பல நூற்றாண்டுப் பழைமை இல்லையே என்று குறைபட வேண்டுவதில்லை. அறியாது வணங்கிய சிவபுரத்து அடியவரின் கண்ணீரும் வீணாகவில்லை. வஞ்சித்தவன் பாவம் வஞ்சித்தவனையே சாரும்.

அவ்வாறாயின் பழைய திருமேனியை மீட்பது எதற்கு, புதிதொன்று வார்த்துக்கொள்ளலாமே என்று சிலர் கேட்கலாம். அவ்விதம் எண்ணினால் திருடனுக்கு வழி திறந்ததாகும். ஒரு திருமேனி தன் ஊராரின் அறத்தைத் தாங்கி நிற்பது. அதற்கு நிலம் எழுதிவைத்தவரும், நெய் அளந்தவரும், தேர் இழுத்தவரும் நம்பி ஒப்படைத்த பொருள் அது. அதனை இழத்தல் முன்னோர் வைத்த நம்பிக்கையை இழத்தலாகும். தெய்வத்தன்மை ஆவாகனத்தால் வருவது. உரிமையோ வரலாற்றால் வருவது. இரண்டையும் காத்தல் நம் கடமை.

ஆலயத்தார் செய்யத்தக்கவை

இக்கடமைக்குப் பெரும்பொருள் தேவையில்லை. ஒவ்வோர் ஆலயமும் தன் மூர்த்திகள் அனைத்தையும் அலங்காரம் இன்றி, முன்புறமும் பின்புறமும் பக்கவாட்டிலும் பீடத்தோடும் படமெடுத்து வைக்க வேண்டும். உயரம், அகலம், எடை ஆகியவற்றையும், காணப்படும் வடுக்களையும் எழுத்தில் பதிய வேண்டும். வடித்த ஸ்தபதி யார், எந்த ஊர், எந்த ஆண்டு, உபயம் செய்தவர் யார், குடமுழுக்கு நடந்த நாள் எது என்பவற்றை முதியவர்கள் நம்மோடிருக்கும்போதே கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். பிரதிகளை ஆலயத்திலும் வேறிடத்திலும் பாதுகாக்க வேண்டும். பழுது பார்க்க வெளியே அனுப்புமுன்னும் திரும்பப் பெறும்போதும் படத்தோடு ஒப்பிட வேண்டும். சிவபுரத்தில் இவ்வொன்று நடந்திருந்தால் நடராசர் கடல் கடந்திருக்கமாட்டார்.

அன்பர்களும் ஒன்றை நினைவிற்கொள்ளல் நலம். எவரேனும் பழஞ்சிலை ஒன்றைக் காட்டி, ஆய்வில் பல்லாயிரம் ஆண்டு என உறுதியாயிற்று என்று கூறிப் பொருள் வேண்டினால், எம்முறையால் ஆராய்ந்தனர், எப்பகுதியை ஆராய்ந்தனர், இது எந்த ஊரிலிருந்து எவ்வழியே வந்தது என்று அடக்கத்தோடு கேளுங்கள். கேட்பது பக்திக்கு இழுக்கன்று. மெய்யான மூர்த்தியின் வரலாறு எக்கேள்விக்கும் அஞ்சுவதில்லை.

அறிவியல் திருமேனியின் உலோகத்தை அறியும். ஏடும் படமும் அதன் வரலாற்றை அறியும். அதனுள் எழுந்தருளியிருப்பவனை அன்பு ஒன்றே அறியும். இத்திருவிழா நன்னாளில் தேரின்முன் நின்று வணங்கும் அன்பர்கள், வணங்கிய கையோடு தம் ஆலயத்தின் வரலாற்றையும் ஏட்டில் எழுதிவைப்பார்களாயின், நூறாண்டு கழித்து நம் பேரப்பிள்ளைகள் "இந்தச் சாமி எப்போது வந்தது?" என்று கேட்கும்போது விடை கூற ஓர் ஏடு இருக்கும். அதுவும் இறைவன் திருவடிக்கு நாம் செய்யும் திருப்பணியே ஆகும்.